கடற்காற்றில் ஓடும் பைக்குக்கு ஃபாக் லைட், ஹாரன், சார்ஜர் பொருத்துவது: முழுமையான வழிகாட்டி

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கமிருந்து "லைட்டு எரியலண்ணே" என்று வருகிற பைக்குகளில் விளக்கே கெட்டுப்போயிருப்பது அபூர்வம். பிரித்துப் பார்த்தால் இணைப்பில் பச்சைப் பொடி பூத்திருக்கும். இல்லையென்றால் கப்ளருக்குள் (வயரும் வயரும் சொருகிச் சேரும் பிளாஸ்டிக் பிளக்) பாசிட்டிவ் பின் மட்டும் கரைந்து ஊசியாகியிருக்கும். மதுரையில் வருடக்கணக்கில் தாங்குகிற அதே வேலை, இங்கே ஒரு கச்சான் காற்றுக் (தென்மேற்குக் காற்று) காலத்தைத் தாண்டாது.

பின் ஏன் கரைகிறது? உப்பு ஈரத்தைத் தானே இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரத்தில் 12 வோல்ட் எப்போதும் நின்றால் பாசிட்டிவ் பக்கத்துச் செம்பு மெல்ல மெல்லக் கரைந்து வெளியேறும், வண்டி நின்றாலும் சரி, ஓடினாலும் சரி. அதனால் கீழே சொல்லும் வேலை முழுக்க இரண்டே எண்ணத்தில் நடக்கிறது: சாவி எடுத்த பிறகும் கரண்ட் இருக்கிற வயரை ஒரு சாண் நீளத்துக்குள் அடக்குவது; மற்ற இணைப்புகளில் உப்பு நுழைய வழி வைக்காதது.

முதல் முறை செய்பவருக்கு ஒரு முழுப்பகல் வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில்தான் விசைப்படகுத் தம்பிகள் இந்த வேலையைக் கையில் எடுப்பார்கள். நல்ல காலம்தான், நிழலில் வண்டியை நிறுத்திக்கொள்ளுங்கள்.

1. முதலில் அளவு, அப்புறம் கடை

விளக்கை வாங்கிக்கொண்டு வந்த பிறகுதான் "வண்டி தாங்குமாண்ணே?" என்று கேட்கிறார்கள். வாங்குவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. பேட்டரி வெறும் சேமிப்பு. ஓடும்போது கரண்ட் தருவது இன்ஜினுக்குள் இருக்கும் காயில். அது தருவதற்கு மேல் செலவு வைத்தால் அன்றைக்கு எல்லாம் எரியும். பேட்டரி நாளுக்கு நாள் வற்றும். பத்து நாள் கழித்து, விடியற்காலை மூன்று மணிக்குக் கடலுக்குக் கிளம்பும்போது செல்ஃப் எடுக்காது.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். வண்டி ஒரு மணி நேரம் நின்ற பிறகு பேட்டரியில் 12.6 வோல்ட்டோ அதற்கு மேலோ காட்டவேண்டும். 12.4-க்குக் கீழே இருந்தால் பேட்டரியைத்தான் முதலில் கவனிக்கவேண்டும். ஸ்டார்ட் செய்து, ஹெட்லைட்டை ஹை பீமில் வைத்து, நெடுஞ்சாலையில் போகும் அளவுக்கு ஆக்ஸிலேட்டரைப் பிடித்துப் பாருங்கள். 13.5 முதல் 14.5 வரை நின்றால் சார்ஜிங் சரியாக இருக்கிறது.

இனி மேற்கொண்டு எவ்வளவு தாங்கும் என்று பார்க்க, நான் பழைய 35/35 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றை வைத்திருக்கிறேன். அதில் இரண்டு வயரை ஈயம் வைத்து ஒட்டி நேராகப் பேட்டரியில் கொடுத்தால் 35 வாட் செலவு. இரண்டு இழையையும் எரியவிட்டால் 70 வாட். பல்பு எரியும்போதே அதே வேகத்தில் இன்ஜினை வைத்து அளந்தால் 13.2-க்குக் கீழே இறங்கக்கூடாது. 35-இல் நிற்கிறது, 70-இல் 12.7-க்கு விழுகிறது என்றால் உங்கள் வண்டியின் எல்லை எங்கே என்று தெரிந்துவிட்டது. செலவு ஒரு பைசா இல்லை. பல்பை மட்டும் செங்கல் மேல் வையுங்கள். சீட் மேல் வைத்து ஓட்டை போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஐடிலில் வோல்ட் இறங்குவது இயல்பு. ரயில்வே கேட்டில் நிற்கும்போது ஃபாக் லைட்டை அணைத்துவிடும் பழக்கம் இருந்தால் அது பிரச்சினை ஆகாது.

பழைய 100 சிசி வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட் பேட்டரியிலிருந்து எரியாது. காயிலிலிருந்து நேராக ஏசி கரண்டில் எரியும். சாவி போட்டு இன்ஜின் ஓடாதபோது ஹெட்லைட் எரியவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். இந்த வண்டிகளில் பேட்டரிக்கு வரும் சார்ஜ் மிகக் குறைவு. ஒரு ஜோடி சிறிய எல்இடிக்கு மேல் ஆசைப்படவேண்டாம். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரிகிறபடிதான் வருகிறது. இன்ஜின் ஓடினால்தான் எரியும் என்பதால் இந்தச் சோதனை அவற்றுக்குப் பொருந்தாது, ஹெட்லைட் வயரில் மீட்டரை ஏசி, டிசி இரண்டிலும் வைத்துத்தான் பார்க்கவேண்டும்.

2. என்ன வாங்குவது

இந்தக் கடற்கரையில் நீளமாகப் பாயும் விளக்கைவிட அகலமாகப் பரவும் விளக்குதான் உதவும் என்பது என் கருத்து. கீழக்கரையிலிருந்து சாயல்குடி போகும் சாலையில் ஆபத்து எதிரே அரை கிலோமீட்டரில் இருப்பதில்லை. சீமைக்கருவேலப் புதருக்குள்ளிருந்து திடீரென்று ஆடு குதிக்கும். சாலை ஓரத்தைக் காட்டுகிற விளக்கு இருந்தால் அதன் கண் மின்னுவது முன்கூட்டியே தெரியும்.

மஞ்சளா வெள்ளையா என்று பெரிய சண்டையே நடக்கும். தனுஷ்கோடிப் பக்கம் மணல் பறக்கும்போதும், ஐப்பசி மழையிலும் நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் முகத்திலேயே திருப்பி அடிக்கும். மஞ்சளில் கண் கூசுவது குறைவு. நான் மஞ்சள்தான் போடுவேன்.

பெட்டியில் எழுதியிருக்கும் வாட்டை நம்பாதீர்கள். "100 வாட்" என்று அச்சடித்த ஒரு விளக்கை அளந்தபோது ஒன்றரை ஆம்பியர்தான் இழுத்தது. அதாவது 18 வாட். வாட்டை 12-ஆல் வகுத்தால் ஆம்பியர். உண்மையான 20 வாட் விளக்கு இரண்டு என்றால் 40 வாட், அதாவது 3.3 ஆம்பியர். ஐபி 67 என்று குறித்த விளக்கை எடுங்கள். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பது அதன் பொருள். விளக்கு தாங்கும், அதோடு வரும் கப்ளர் தாங்காது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

விளக்கைத் தவிர வாங்கவேண்டியவை: நான்கு பின் உள்ள 12 வோல்ட் ரிலே (சிறிய கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்) மூன்று, மூடி உள்ள சிறிய பியூஸ் பாக்ஸ், பேட்டரிக்கு அருகில் வைக்கத் தனி பியூஸ் ஹோல்டர், ஹேண்டில்பார் சுவிட்ச், ரப்பர் சீல் உள்ள கப்ளர்கள், உள்ளே பசை தடவிய, சுட்டால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், கேபிள் டை, எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) போல்ட்டும் அதிர்வில் கழலாத நைலாக் நட்டும்.

வயரில் கஞ்சத்தனம் வேண்டாம். வீட்டு வயரிங்கில் மிஞ்சியதைக் கொண்டுவருவார்கள். அதன் இழைகள் தடிமனாகவும் குறைவாகவும் இருக்கும். இன்ஜின் அதிர்வில் உள்ளுக்குள் ஒடிந்து, வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். நானும் என் முதல் வண்டியில் அதைத்தான் போட்டேன், நாலு மாதத்தில் தேவிபட்டினம் தாண்டி இருட்டில் நின்றேன். மெல்லிய இழைகள் நிறைய உள்ள ஆட்டோ வயர் வேண்டும். விளக்குக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், ஹாரனுக்கும் பேட்டரியிலிருந்து வரும் மெயினுக்கும் 2.5, சுவிட்சுக்கு 0.75. படகு வயரிங்குக்கு விற்கும் வெள்ளீயம் பூசிய வயர் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். உரித்தால் செம்பு நிறத்தில் இல்லாமல் வெள்ளியாக இருக்கும். இன்சுலேஷனுக்குள் கறுப்பு ஏறுவது அதில் வெகுவாகக் குறையும்.

சட்டம் பற்றி இரண்டு வார்த்தை. பல ராகத்தில் ஊளையிடும் ஹாரனை மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 119-ஆவது விதி தடுக்கிறது. முன்பக்கம் சிவப்பு விளக்கும் கூடாது. மினுக்கும் நீலமும் சிவப்புமாக வாங்கிவந்து "போட்டு விடுங்கண்ணே" என்பவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

3. தொடங்கும் முன்

சீட்டையும் சைடு கவரையும் கழற்றுங்கள். டேங்கைத் தூக்க வேண்டியிருந்தால் பெட்ரோல் குறைவாக இருக்கும் நாளில் செய்யுங்கள். பேட்டரியில் நெகட்டிவ் டெர்மினலை முதலில் கழற்றவேண்டும். பாசிட்டிவில் ஸ்பானர் வைத்திருக்கும்போது அது ஃபிரேமில் பட்டால், நெகட்டிவ் கழன்றிருந்தால் ஒன்றும் ஆகாது. இல்லாவிட்டால் ஸ்பானர் ஒட்டிக்கொண்டு பழுக்கும்.

நிறத்தை நம்பி வேலை செய்யாதீர்கள். வீட்டு வழக்கப்படி கறுப்பு என்றால் நெகட்டிவ் என்று நினைப்பது புதியவர்கள் செய்யும் முதல் பிழை. ஹீரோ, ஹோண்டா வண்டிகளில் பச்சைதான் எர்த், அதாவது நெகட்டிவ். கறுப்பில் சாவி போட்டதும் 12 வோல்ட் பாசிட்டிவ் வரும். அதை எர்த் என்று எண்ணி இணைத்தால் மெயின் பியூஸ் போய்விடும். சுசுகியில் கறுப்பில் வெள்ளைக் கோடு எர்த். எந்த வண்டியானாலும் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

உங்கள் வேலைக்கென்று நிறத்தை இப்போதே முடிவு செய்து ஒரு தாளில் எழுதுங்கள். நான், சாவி எடுத்தாலும் கரண்ட் உள்ளதற்குச் சிவப்பு, சாவி போட்டால் வருவதற்கு மஞ்சள், நெகட்டிவுக்குக் கறுப்பு, சுவிட்சுக்கு நீலம் வைப்பேன்.

4. விளக்கை ஏற்றுவது

வயரைத் தொடுவதற்கு முன் விளக்கு, ஹாரன், சுவிட்ச், ரிலே எல்லாம் அதனதன் இடத்தில் நிற்கவேண்டும். இடம் தெரியாமல் வயரை வெட்டினால் ஒன்று எட்டாது, இல்லையென்றால் சுருட்டி எங்கேயோ செருகவேண்டியிருக்கும்.

கிராஷ் கார்டில் ஹெட்லைட்டுக்குக் கீழே, இரண்டும் ஒரே உயரத்தில் வையுங்கள். ரொம்பத் தாழ்வாக வைத்தால் முன்சக்கரம் வாரி இறைக்கும் சேறும் மணலும் அதன்மேல்தான். ரேடியேட்டர் உள்ள வண்டியில் காற்றை மறைக்கக்கூடாது. ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, முன் ஃபோர்க்கை அழுத்திப் பாருங்கள், எதிலும் இடிக்கக்கூடாது.

கிளாம்ப்புக்குள் வரும் ரப்பர் பட்டை அழகாக இருக்கும். ஆனால் அதற்கும் குழாய்க்கும் நடுவே உப்புத்தண்ணீர் தேங்கி ஒரே வருடத்தில் கிராஷ் கார்டை வளையமாகத் துரு தின்றுவிடும். குழாயில் கிரீஸ் தடவிவிட்டு மாட்டுங்கள். அலுமினியப் பிராக்கெட்டில் எஸ்எஸ் போல்ட் போடும் இடத்திலும் கிரீஸும் ஒரு நைலான் வாஷரும் வேண்டும். இரண்டு உலோகமும் உப்பு ஈரத்தில் நேராகத் தொட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும்.

5. வயர் போகும் பாதை

பேட்டரியில் தொடாமல், வயரை முன்னிருந்து பின்னாக இழுத்துப் படுக்கவையுங்கள். கம்பெனி வயரிங் எந்த வழியில் போகிறதோ அதே வழி நல்லது. அவர்கள் அதிர்வையும் சூட்டையும் யோசித்துத்தான் வைத்திருப்பார்கள். சிலிண்டர், சைலன்சர் பக்கம் ஒரு கை அகலம் இடைவெளி வேண்டும். டேங்க் உட்காரும் இடத்தில் வயர் மாட்டிக்கொண்டால் அன்றைக்கே தெரியாது. ஆறு மாதம் அதிர்ந்து உரிந்த பிறகுதான் பியூஸ் போகும்.

ஸ்டீயரிங் கழுத்தில்தான் அதிகம் பேர் தோற்கிறார்கள். ஹேண்டில்பாரை நேராக வைத்துக்கொண்டு கேபிள் டையை இறுக்கிவிடுகிறார்கள். முழுதாக இடதுபக்கம் திருப்பி வைத்து, வயர் இழுபடாத அளவுக்குத் தளர்வு விட்டு, அப்புறம் வலதுபக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு இறுக்குங்கள்.

சுருள் குழாய் போடுவதாக இருந்தால் பிளவு உள்ள பக்கம் தரையைப் பார்க்கட்டும். மேலே பார்த்தால் அது மணலும் தண்ணீரும் சேர்க்கும் கால்வாய் ஆகிவிடும். ஒவ்வொரு கப்ளருக்கும் முன்னால் வயர் கொஞ்சம் கீழே தொங்கி வளைந்து மேலேறவேண்டும். வயர் வழியே வழியும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், கப்ளருக்குள் போகாது.

6. ரிலே: இதுதான் வேலையின் நடுவீடு

"சுவிட்ச் இருக்கே, ரிலே எதுக்கு?" என்று கேட்பார்கள். பேட்டரியிலிருந்து சுவிட்சுக்கு, சுவிட்சிலிருந்து விளக்குக்கு என்று நேராகக் கொடுத்தால் முழுக் கரண்டும் ஹேண்டில்பார் வரை ஏறி இறங்கும். உப்புக்காற்று நேராக அடிக்கும் அந்தச் சிறிய சுவிட்சுக்குள் தொடர்பு கொஞ்சம் கெட்டாலும் சூடாகி உருகும். அதுவும் போக, சாவி எடுத்த பிறகும் 12 வோல்ட் வண்டி முழுக்க ஊர்ந்துகொண்டே இருக்கும். ரிலே வைத்தால் சுவிட்ச் வழியே போவது கால் ஆம்பியருக்கும் குறைவு.

நான் மூன்று ரிலே வைக்கச் சொல்வேன். முதலாவதைத் தாய் ரிலே என்று வைத்துக்கொள்வோம். பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக அதற்கு ஒரு சாண் சிவப்பு வயர், அவ்வளவுதான். சாவி போட்டால் அது மூடும், பியூஸ் பாக்ஸுக்குக் கரண்ட் போகும். சாவியை எடுத்தால் அதற்கு அப்பால் எல்லாம் செத்த வயர். கரண்டே இல்லாத பின்னை உப்பு ஈரம் அவ்வளவு வேகமாகத் தின்னமுடியாது.

ரிலேயின் அடியில் எண்கள் இருக்கும். 30-இல் கரண்ட் வரும். 87-இலிருந்து வெளியே போகும். 85, 86 இரண்டும் உள்ளே இருக்கும் காயிலின் இரு முனைகள். தாய் ரிலேயில் 30-க்குப் பேட்டரி சிவப்பு, 87-லிருந்து பியூஸ் பாக்ஸுக்கு மஞ்சள், 85 நெகட்டிவுக்கு, 86 சாவி கரண்டுக்கு.

கடைக்காரர் ஐந்து பின் ரிலே கொடுத்துவிட்டால் நடுவில் 87ஏ என்று ஒன்று இருக்கும். அதில் விளக்கைக் கொடுத்தால் சுவிட்ச் போடாதபோது எரியும், போட்டால் அணையும். வயரிங் எல்லாம் சரியாக இருந்தும் தலைகீழாக வேலை செய்கிறது என்றால் முதலில் இங்கே பாருங்கள்.

சாவி கரண்டை எங்கிருந்து எடுப்பது? பின் பிரேக் சுவிட்சுக்கு வரும் வயர் எனக்குப் பிடித்த இடம். பெரும்பாலான வண்டிகளில் சாவி போட்டதும் அதில் 12 வோல்ட் வந்துவிடும், சைடு கவருக்குள்ளேயே இருக்கும். பிரேக்கை மிதிக்காமலே கரண்ட் நிற்கும் வயரை எடுக்கவேண்டும். மிதித்தால்தான் வருவது லைட்டுக்குப் போகும் வயர். எடுக்கும் இடத்திலேயே 3 ஆம்பியர் பியூஸ் ஒன்று வையுங்கள். உங்கள் வேலையில் கோளாறு வந்தாலும் பிரேக் லைட் பிழைக்கும். பழைய ஏசி ஹெட்லைட் வண்டியில் ஹெட்லைட் வயரிலிருந்து எடுத்தால் ரிலே டகடகவென்று தறியடிக்கும்.

இரண்டாவது ரிலே விளக்குக்கு. 30-க்குப் பியூஸ் பாக்ஸின் 5 ஆம்பியர் வழி, 87 விளக்குக்கு, 85 நெகட்டிவுக்கு, 86-க்கு ஹேண்டில்பார் சுவிட்ச் வழியாக நீல வயர். மூன்றாவது ஹாரனுக்கு: 30-க்குப் பியூஸ் பாக்ஸின் 15 ஆம்பியர் வழி, 87 ஹாரனுக்கு, மற்ற இரண்டு பின்களைப் பின்னால் சொல்கிறேன்.

ரிலேக்களை சீட்டுக்கு அடியில் பின்கள் தரையைப் பார்க்கும்படி மாட்டுங்கள். பின்கள் மேலே பார்த்தால் அது தண்ணீர்க் கிண்ணம்.

பியூஸ் காப்பாற்றுவது வயரை, விளக்கை அல்ல. ஆகவே அது பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கவேண்டும். விளக்குக்குப் பக்கத்தில் பியூஸ் வைத்திருந்த ஒரு வண்டியில், டேங்க் அடியில் வயர் உரிந்து ஃபிரேமில் பட்டு, பியூஸ் முழுசாக இருக்க வயர் மட்டும் எரிந்திருந்தது. மெயினுக்கு 20, விளக்குக்கு 5, இரட்டை ஹாரனுக்கு 15, சார்ஜருக்கு 3 ஆம்பியர் போதும். பியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரியதாகப் போடுவதும், சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் சுற்றுவதும் ஒரே வகை வேலை.

7. இணைப்புகள்

இனிச் சொல்வதில் ஒன்றைக்கூடத் தவிர்க்கவேண்டாம்.

வயரை உரித்து முறுக்கி டேப் சுற்றுவது இங்கே எடுபடாது. வெயிலில் டேப்பின் பசை உருகி விலகும், அந்த இடைவெளியில் உப்பு ஏறும், அதன்பின் டேப்பே ஈரத்தைக் காயவிடாமல் மூடிவைக்கும். ஈயம் வைத்த இணைப்பு நல்லதுதான். ஆனால் ஈயம் ஏறிய இடம் குச்சியாக விறைத்து, அது முடியும் இடத்தில் அதிர்வால் ஒடியும். வயர் முனையில் மாட்டும் உலோக டெர்மினலை அதற்கென்றே உள்ள கிரிம்பிங் பிளையரால் நசுக்குவதுதான் வண்டிக்கு ஏற்றது. சாதாரண கட்டிங் பிளையரால் நசுக்கினால் பிடிக்காது. நசுக்கியபின் நன்றாக இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் இப்போதே வரட்டும்.

ஸ்லீவை வயரில் மாட்டிவிட்டுத்தான் டெர்மினலை நசுக்கவேண்டும். எத்தனை வருடம் செய்தாலும் இதை மறந்து, முடித்த இணைப்பை வெட்டி மறுபடி செய்வது எனக்கும் நடக்கிறது. பசை உள்ள ஸ்லீவைச் சுடவைத்தால் இரண்டு முனையிலும் பசை ஒரு வளையமாகப் பிதுங்கும். அது தெரிந்தால்தான் அடைப்பு சரி. ஹீட் கன் இல்லையென்றால் லைட்டரைத் தள்ளிப் பிடியுங்கள், கருகவிடக்கூடாது.

விளக்கோடு வரும் கப்ளரில் பெரும்பாலும் ரப்பர் சீல் இருக்காது. அதை வெட்டிவிட்டு, வயர் நுழையும் இடத்திலும் வாய்ப் பக்கத்திலும் ரப்பர் உள்ள கப்ளரைப் போடுங்கள். பின்னில் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் (கரண்ட் கடத்தாத கிரீஸ்) கொஞ்சம் தடவி மூடுங்கள். கிடைக்காவிட்டால் வாசலின் பரவாயில்லை. சக்கர பேரிங்குக்குப் போடும் கிரீஸ் வேண்டாம்.

கம்பெனி வயரைக் கத்திபோல் கடித்துக் கரண்ட் எடுக்கும் சிறிய கிளிப் விற்கிறார்கள். வேலை ஒரு நிமிடத்தில் முடியும், இன்சுலேஷனில் ஒரு காயமும் இருக்கும். அந்தக் காயத்தில் உப்பு புகுந்தால் கெடுவது உங்கள் வயர் மட்டுமல்ல, கம்பெனி வயரும்தான். அந்த வண்டிக்கான டி வடிவக் கப்ளர் கிடைத்தால் எதையும் வெட்டாமல் நடுவில் சொருகிவிடலாம். வாரண்டி உள்ள வண்டிக்கு இதுதான் வழி.

8. நெகட்டிவ்

ஃபிரேமில் ஒரு போல்ட்டைப் பிடித்து எர்த் கொடுக்காதீர்கள். பெயிண்டைச் சுரண்டினால்தான் எர்த் கிடைக்கும், சுரண்டிய இடத்தில் இங்கே மூன்றே மாதத்தில் துரு. எல்லா நெகட்டிவையும் சீட்டுக்கு அடியில் ஓரிடத்தில் சேர்த்து, அங்கிருந்து 2.5 கறுப்பு வயரில் பேட்டரி நெகட்டிவுக்குக் கொண்டுபோங்கள்.

9. ஹாரனும் சார்ஜரும்

இரட்டை ஹாரன் பத்து ஆம்பியர் வரை இழுக்கும். கம்பெனி ஹாரன் பட்டனும் வயரும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பழைய ஹாரனிலிருந்து கழற்றிய இரண்டு வயரையும் ஹாரன் ரிலேயின் 85, 86-இல் மாட்டினால் போதும். சில வண்டிகளில் பட்டன் பாசிட்டிவைக் கொடுக்கும், சிலவற்றில் நெகட்டிவைக் கொடுக்கும். இரண்டையும் காயிலுக்கு இருபக்கமும் கொடுத்துவிட்டால் எந்த வகை என்று ஆராயவே வேண்டாம். ஹாரனின் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும்.

போன் சார்ஜருக்கு மூடி கட்டாயம். மூடி இருந்தாலும் பாம்பன் பாலத்தில் பக்கவாட்டில் அடிக்கும் சாரலுக்கு அது பெரிய தடை இல்லை. தாய் ரிலேக்குப் பின்னால் இருப்பதால் சாவி எடுத்ததும் அதில் கரண்ட் இருக்காது, அதுதான் அதன் ஆயுள்.

ஜிபிஎஸ் டிராக்கர் மட்டும் விதிவிலக்கு, அதற்கு எப்போதும் கரண்ட் வேண்டும். நிற்கும்போது 20 மில்லியாம்பியர் இழுக்கிற டிராக்கர் ஒரு நாளைக்கு ஏறக்குறைய அரை ஆம்பியர்-மணி தின்னும். 4 ஆம்பியர்-மணி பேட்டரி எட்டு நாளில் காலி, செல்ஃப் அதற்கு முன்பே நின்றுவிடும். படகுத் துறையில் வண்டியை விட்டுவிட்டு நாள்கணக்கில் கடலில் தங்குபவர் இதை யோசித்து வாங்கவேண்டும்.

10. பேட்டரியைக் கடைசியில்

எல்லாம் முடிந்தபின் பாசிட்டிவை முதலிலும் நெகட்டிவைக் கடைசியிலும் மாட்டுங்கள். தாய் ரிலேக்கு முன்னால் உள்ள 20 ஆம்பியர் மெயின் பியூஸை உடனே போடவேண்டாம். அந்த இடத்தில் ஒரு இண்டிகேட்டர் பல்பை இரண்டு வயரில் தொங்கவிட்டுச் சாவி போடுங்கள். சுவிட்ச் எல்லாம் அணைந்திருக்கும்போது பல்பு எரியாமலோ லேசாகச் சிவந்தோ இருந்தால் சரி. பளிச்சென்று எரிந்தால் எங்கேயோ ஷார்ட். பியூஸை எரிக்காமல், வயரைச் சுடாமல் நிதானமாகத் தேடலாம். ஒவ்வொரு கப்ளராகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் பல்பு மங்குகிறதோ அந்த வழியில்தான் கோளாறு.

மீட்டரில் ஆம்பியர் அளந்தால் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றுவீர்கள். அளந்து முடித்ததும் அதை மறுபடி வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். மறந்து அப்படியே பேட்டரியில் வைத்தால் மீட்டர் வழியாகவே ஷார்ட் ஆகும். என் முதல் மீட்டர் அப்படித்தான் போனது.

11. வெளிச்சத்தைத் திருப்புவது

சமதளத்தில், சுவரிலிருந்து ஏழரை மீட்டர் தள்ளி, வண்டியில் ஆளை உட்காரவைத்துத் திருப்பவேண்டும். சென்டர் ஸ்டாண்டில் வைத்துத் திருப்பினால் ஆள் ஏறியதும் பின்பக்கம் அமுங்கி வெளிச்சம் வானத்தைப் பார்க்கும். விளக்கின் நடு எந்த உயரத்தில் இருக்கிறதோ, சுவரில் அதற்கு ஐந்து சென்டிமீட்டர் கீழே வெளிச்சத்தின் நடு விழவேண்டும். இரவில் ஒரு நண்பரை எதிரே வண்டியில் வரச்சொல்லி "கண் கூசுதா மாப்ள?" என்று கேட்டுவிடுங்கள். சரியாகத் திருப்பியிருந்தாலும் எதிரே வண்டி வந்தால் அணைக்கத்தான் வேண்டும், சுவிட்சை இடது கட்டைவிரல் எட்டும் இடத்தில் வைக்கச் சொல்வது அதற்குத்தான்.

12. மங்கினால், எரியாவிட்டால்

விளக்கு எரியும்போதே மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையை விளக்கின் பாசிட்டிவிலும் வையுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இடையில் ஏதோ ஓர் இணைப்பு கெட்டிருக்கிறது. நெகட்டிவ் பக்கமும் அதே போல. எந்தப் பக்கம் என்று தெரிந்தபின் ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தால் பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் புது விளக்கு வாங்குபவர்களால் கடைக்காரர்களுக்கு நல்ல வியாபாரம்.

ரிலே டிக் என்கிறது, விளக்கு இல்லை என்றால் 30-ஐயும் 87-ஐயும் பாருங்கள். டிக்கே இல்லை என்றால் சுவிட்ச் அல்லது 85-இன் நெகட்டிவ்.

13. பராமரிப்பு

தனுஷ்கோடி போய்வந்தால் அன்றைக்கே கழுவுங்கள். ஆனால் எந்தத் தண்ணீரில்? நம் பக்கத்து போர் தண்ணீர் பாதிக்கு மேல் உவர். அதில் கழுவிக் காயவிட்டால் கழுவாத உப்போடு கழுவிய உப்பும் சேரும். கடைசியாக ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றாமல் விடாதீர்கள். வாட்டர் சர்வீஸ் கடைகளில் கப்ளர் மேல் பிரஷரை நேராக அடிக்கவிடாதீர்கள், ஐபி 67 அதற்கான கணக்கு இல்லை.

கச்சான் தொடங்குவதற்கு முன் ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை கப்ளர்களைத் திறந்து துடைத்து கிரீஸ் மாற்றுங்கள். பச்சை தெரிந்தால் சுரண்டிப் பயனில்லை, அந்தப் பின்னை வெட்டிப் புதிது போடுங்கள்.

சீட்டுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவரில் ரிலே ஒன்று, ஒவ்வோர் அளவிலும் இரண்டு பியூஸ், நிறம் எழுதிய அந்தத் தாள் மூன்றும் இருக்கட்டும். தாளைப் போனிலும் படம் எடுத்து வையுங்கள். இருட்டில் வேறு மெக்கானிக் திறந்து பார்க்கும்போது, மஞ்சள் எது நீலம் எது என்று உங்களைக் கேட்கத்தான் போகிறார்.